எழுந்து நிற்க எத்தனை நொடி?

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

வயது கூடக் கூட உடம்பில் தசை கரைந்துபோவதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம், ஒரு வாசகி): என் மாமியாருக்கு 71 வயது. பத்து ஆண்டுகளாக எடை 54 கிலோவிலேயே நிற்கிறது. சர்க்கரையும் இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் கதவு நிலையைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. எடை குறையாதபோது தசை குறைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா?

பதில்: எடை மாறாமல் இருப்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. கரைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் எடை இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. வயிறு சற்றே பெருத்திருக்கும், தொடையும் கெண்டைக்காலும் மெலிந்திருக்கும், கணக்கு மட்டும் அதே 54-இல் நிற்கும். ஐம்பது வயதுக்குப் பிறகு தசையின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்றால், அந்தத் தசையின் வலு அதைவிட வேகமாக இறங்குகிறது. அதனால்தான் இப்போதைய வழிகாட்டுதல்கள் தசை எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன்பாக, இருக்கிற தசை என்ன வேலை செய்கிறது என்று பார்க்கச் சொல்கின்றன.

இந்த நிலைக்கு 1980-களின் இறுதியில்தான் ஒரு பெயரே கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க், சதை, இழப்பு என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘சார்கோபீனியா’ என்று அழைத்தார். அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனிக் குறியீடு வந்தது 2016-இல். ஆகவே உங்கள் மாமியாரைப் பார்த்த மருத்துவர் இதைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் அவரை நொந்துகொள்ள வேண்டாம். என் வயதொத்த மருத்துவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனைக்கு ஒரு தையல் டேப் போதும். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலும் கணுக்காலும் செங்கோணமாக மடங்கியிருக்க, பாதம் தரையில் முழுவதும் பதிந்திருக்க, கெண்டைக்காலின் மிகப் பருமனான இடத்தைச் சுற்றி, சதையை அழுத்தாமல் டேப்பைப் பிடித்து அளவெடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-இல் வகுத்த வரையறைப்படி பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது. நீர் கோத்த கால் பருத்துத் தெரியும்.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. கை வைக்காத, உறுதியான, சாதாரண உயரமுள்ள ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுவதும் எழுந்து நின்று உட்கார்வதை, தம்மால் முடிந்த வேகத்தில் ஐந்து முறை செய்யச் சொல்லி, ஐந்தாவது முறை நிமிர்ந்து நிற்கும்வரை கைப்பேசியில் நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், தசை வலு குறைந்திருக்கக்கூடும் என்று கொள்ளலாம். 12 என்பது அந்த ஆசியக் குழுவின் கணக்கு; ஐரோப்பிய மருத்துவர் குழு 15 நொடிக்கு மேல் என்று வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நின்றால் கவலைப்படுவதை விட மருத்துவரிடம் காட்டுவது மேல். யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எழும்போது தலைசுற்றுகிறவர்களுக்கும், அண்மையில் மூட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இதில் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். தரையிலிருந்து எழுவது நாற்காலியிலிருந்து எழுவதை விட மிகக் கடினம். அதற்கு முழங்கால் முழுவதும் மடங்க வேண்டும். தேய்ந்த மூட்டு அதற்கு இடங்கொடுக்காது. எனவே கதவு நிலையைப் பிடிக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ‘வலிக்கிறதா, வலு இல்லையா?’ என்று அவரிடமே கேளுங்கள். வலிக்கிறது என்பவரும் உண்டு. வலியே இல்லை, கால் தூக்கமாட்டேன் என்கிறது என்பவரும் உண்டு. இரண்டாமவர்தான் நாம் தேடுகிறவர்.

கேள்வி (ஊத்தங்கரை, ஒரு சுகாதாரத் தன்னார்வலர்): மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்கிறேன். கருவி எதுவும் இல்லாமல் தசை இழப்பு உள்ளவர்களை அடையாளம் காண முடியுமா, ஐயா?

பதில்: முடியும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்வது அதன் நோக்கங்களில் ஒன்று என்பதால், நீங்கள் அடையாளம் காண்பவரை அனுப்பிவைக்க உங்களுக்கு ஓர் இடமும் இருக்கிறது. அது இல்லாமல் சோதனை மட்டும் செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

‘சார்க்-எஃப்’ என்ற ஐந்து கேள்விகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையைத் தூக்கிச் செல்வது, அறைக்குள் நடப்பது, நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழுவது, பத்துப் படி ஏறுவது ஆகிய நான்கும் எவ்வளவு சிரமம் என்று கேட்டு, சிரமமில்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, மிகவும் சிரமம் அல்லது முடியவே முடியாது என்றால் 2 என்று எண் இட வேண்டும். ஐந்தாவது, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பது: விழவே இல்லை என்றால் 0, ஒன்றிலிருந்து மூன்று முறை என்றால் 1, நான்கும் அதற்கு மேலும் என்றால் 2. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அனுப்பிவைக்கலாம்.

நாலரைக் கிலோ என்றால் நம் ஊர்ப் பாட்டிக்குப் புரியாது. ‘அஞ்சு லிட்டர் கேன் நிறைய தண்ணி எடுத்துட்டு வருவீங்களா?’ என்று கேளுங்கள். குடத்தைச் சொல்ல வேண்டாம். நிறைகுடம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கனம், அதைத் தூக்க முடியாதவர் எல்லாம் நோயாளி ஆகிவிடுவார். விழுந்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘விழல, சறுக்கிடுச்சு’ என்பார்கள்; குளியலறையில் வழுக்கியது, வரப்பில் கால் இடறியது எல்லாம் அவர்கள் கணக்கில் விழுந்ததாகாது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். எழுவது சிரமமா என்று கேட்பதை விட, ‘பாட்டி, அந்தச் சொம்பை எடுத்துக் கொடுங்க’ என்று சொல்லிவிட்டு அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்ப்பது நல்லது.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு குறையும் உண்டு. 4-க்கு மேல் வந்தவருக்குப் பெரும்பாலும் தசை வலு குறைந்தேயிருக்கும். ஆனால் தொடக்க நிலையில் உள்ள பலர் இதில் தப்பிவிடுவார்கள். அதனால் கெண்டைக்கால் அளவையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்: அளவு குறைவாக இருந்தால் 10 எண் கூட்டி, மொத்தம் 11-ஐ எட்டினால் அனுப்புவது. டேப் கையில் இல்லாத நாளில் ஜப்பானியர்களின் விரல் வளையச் சோதனையைச் செய்யலாம். முதியவர் தம் இரு கைகளின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருமனான இடத்தைச் சுற்றிப் பிடிக்கட்டும். விரல்கள் தொடாவிட்டால் நல்லது; தொட்ட பிறகும் உள்ளே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி (பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம்): என் தகப்பனாருக்கு 64 வயது. நீங்கள் எழுதிய நாற்காலிச் சோதனையில் 20 நொடிக்கு மேல் ஆகிறது. முதுகும் கழுத்தும் விறைத்துப்போயிருக்கின்றன. இதுவும் தசை இழப்பா?

பதில்: அப்படி முடிவு செய்ய நான் அவசரப்பட மாட்டேன். நாற்காலிச் சோதனை தசையை மட்டும் அளப்பதில்லை. மூட்டு, நரம்பு, சமநிலை, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிராத ஒரு காரணம் நம் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குத் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகெலும்பு விறைக்கிறது; முற்றிய நிலையில் தண்டுவடம் நெருக்குண்டு கால் வலுவிழப்பதும் உண்டு. இந்தப் பாதிப்புக்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். பல்லில் பழுப்புக் கறை பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிடும். உள்ளே எலும்பில் நடப்பது அப்படித் தெரியாது. காவிரி நீரை நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்கள் சேர்ந்திருப்பது சும்மா இல்லை.

உங்கள் தகப்பனாருக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் என்ற கருவி உள்ள இடத்தில் அதை அளக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் வலு குறைவு என்று பொருள். முதுகு விறைத்தவரின் கைப்பிடி நன்றாக இருந்தால் 20 நொடிக்குத் தசை பொறுப்பல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அடுத்து, முன்கையையும் இடுப்பெலும்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது ஃபுளோரோசிஸின் முக்கியமான அடையாளம். கால் மரத்துப்போனாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் நீர் வற்றும், ஃபுளோரைடு வற்றாது. குடிக்க மட்டுமல்ல, களி கிண்டவும் சோறு வடிக்கவும்கூட ஒகேனக்கல் நீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (அரூர்): அம்மாவுக்கு 68 வயது. ஆறு மாதத்தில் 8 கிலோ குறைந்துவிட்டார். சார்கோபீனியா சோதனை எங்கே செய்வது?

பதில்: அதை இப்போது தேட வேண்டாம். முயலாமலே இவ்வளவு எடை இறங்குவது வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை இந்த வாரமே தொடங்குங்கள்.

கேள்வி (ஓசூர்): ஒரு முகாமில் என்னை ஓர் இயந்திரத்தின் மேல் நிற்கவைத்து, தசை குறைவு என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். கூடவே புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொன்னார்கள். எனக்கு 66 வயது, எடை 50 கிலோ. வாங்கலாமா?

பதில்: நீங்கள் ஏறி நின்றது உடம்பினூடே மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தித் தசை அளவைக் கணிக்கும் இயந்திரம். தசை அளவை உறுதிசெய்ய அதையும், எக்ஸ்ரே கதிரால் தசை, எலும்பு, கொழுப்பைப் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனையும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். ஆனால் அது நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறது. சாப்பிட்டவுடன் நின்றாலும், வெயிலில் நடந்து வியர்த்துவிட்டு நின்றாலும் கணக்கு மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. உங்கள் கைப்பிடியையோ எழுந்து நிற்கும் நேரத்தையோ பார்க்காமல், வெறும் எண்ணை வைத்து ஒரு டப்பாவை நீட்டினார்கள் என்றால் அங்கே நடந்தது பரிசோதனை அல்ல, விற்பனை.

புரதம் தேவை என்பது மட்டும் உண்மை. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று இன்று பரிந்துரைக்கிறார்கள். உங்களுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். களி தின்ற உடம்பு என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதை நான் மறுக்கவில்லை. கேழ்வரகில் உள்ள அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து வேறெந்தத் தானியத்திலும் இல்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 7 கிராம்தான். காலையில் அந்தக் களி, மதியம் 100 கிராம் அரிசிச் சோறும் கரண்டி சாம்பாரும், இரவில் இரண்டு இட்லி, இடையில் இரண்டு டீ என்று கூட்டினால் 25 கிராமைச் சற்றே தாண்டும். வயதானவர்கள் பலர் இவ்வளவுதான் சாப்பிடுகிறார்கள். இதோடு ஒரு முட்டை 6 கிராம், 30 கிராம் கொள்ளைக் கடைந்தால் ஏறத்தாழ 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு டம்ளர் பால் 6 என்று சேர்த்தால் 50 வந்துவிடும். கடலையைக் கடிக்கப் பல் இல்லாதவர்கள் வறுத்துப் பொடித்துக் களியிலேயே தூவிக்கொள்ளலாம். என் அத்தை அப்படித்தான் சாப்பிடுவார், ருசியும் மோசமில்லை. பசியே எடுக்காதவர்களுக்கும், அறுவைக்குப் பின் தேறி வருபவர்களுக்கும் பவுடர் உதவலாம். அதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

கேள்வி (தருமபுரி): எனக்கு 73 வயது. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். எனக்கு இந்தச் சோதனை அவசியமா? குறை தெரிந்தால் என்ன மாத்திரை?

பதில்: 65 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையும், பெரிய நோயிலிருந்தோ மருத்துவமனைப் படுக்கையிலிருந்தோ எழுந்து வந்த பிறகு ஒரு முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது 2018-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல். இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். நல்ல உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ அளவுக்குத் தசை கரைந்திருந்தது. இங்கே டெங்குவுக்குப் பத்து நாள் படுத்து எழுந்த தாத்தாவை, ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி இன்னும் ஒரு மாதம் கட்டிலிலேயே வைத்துவிடுகிறோம்.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. உங்கள் நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது. அதை விட வேண்டாம். ஆனால் தசையை வளர்க்க எடைக்கு எதிராக வேலை செய்ய வேண்டும், நடையில் அது போதாது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி நிற்பது பத்து முறை, மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது பத்து முறை என்று தொடங்கி, சுலபமாகத் தோன்றும்போது எண்ணிக்கையையும் எடையையும் கூட்டுங்கள். இறுக்கம் தெரிய வேண்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

73 வயதில் இனி என்ன வளரும் என்று எண்ண வேண்டாம். 1990-இல் அமெரிக்காவில் பாஸ்டன் முதியோர் மருத்துவமனை ஒன்றில், சராசரியாக 90 வயதில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமனும் 9 சதவீதம் கூடியது.

இன்று நாற்காலியில் ஐந்து முறை எழுந்து எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அந்த எண்ணை நாட்காட்டியின் பின்பக்கம் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு, அதே நாற்காலியில், நாளின் அதே வேளையில் மறுபடி செய்து பாருங்கள். எண் கூடியிருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பி12, டி வைட்டமின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்; சிலருக்கு அது தசையைப் பாதிக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.